நான்கு பாட்டில் ஐஸ்

இன்சுலின் ஏற்றிய வேனை நான் ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறேன். அந்த ஆறு வருஷமும் ஒரு கண் ரோட்டில் இருந்தது, இன்னொரு கண் மீட்டரில் இருந்தது. மீட்டர் என்று நாங்கள் சொல்வது தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதன் ஒயர் குளிர்பெட்டிக்குள்ளே போகும், வெளியே மூடிமேல் ஒட்டியிருக்கும் சின்னக் கண்ணாடி உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும். இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. ஈப்போவில் தார் இளகுகிற வெயிலில் கிளம்பி, இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு பெட்டியைக் காப்பாற்றிக்கொண்டு ஆயர் தாவார், சித்தியவான் என்று சுற்றி வருவது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற வேலை.

மற்ற ஓட்டுநர்களுக்கு அது வெறும் பெட்டி. எனக்கு அப்படி இல்லை. அதில் என் தங்கச்சியின் மருந்தும் இருக்கும்.

அவள் ஆயர் தாவாரில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. பதினோரு வயதில் அவளுக்கு இனிப்புநீர் வந்தது. வயதானவர்களுக்கு வந்து மாத்திரையிலேயே காலம் ஓட்டிவிடுகிற வகை இல்லை. அவள் உடம்பில் இன்சுலின் சுத்தமாகச் சுரக்காது. ஊசி போட்டால் எழுந்து பாடம் நடத்துவாள், இரண்டு நாள் போடாவிட்டால் ஆஸ்பத்திரியில் கிடப்பாள். நான் மாதா மாதம் கொண்டுபோய் இறக்குகிற பெட்டியிலிருந்துதான் அங்கேயுள்ள சின்னக் கிளினிக்கில் அவள் வாங்கிக்கொள்வாள். "நீ கொண்டார்ற மருந்துல ஒன் கோவமும் கலந்துதான்க்கா வருது. அதான் ஊசி போட்டா எனக்குக் கடுகடுன்னு இருக்கு," என்பாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது உண்மைதான், அதை நான் மறைத்ததில்லை. ஆனால் அந்தப் பெட்டி விஷயத்தில் என்னிடம் இருந்தது கோபம் இல்லை, பயம். பயத்தை வெளியே காட்டத் தெரியாததால் கோபமாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்கு ஐஸ் வைப்பதில் ஒரு முறை இருக்கிறது. பெட்டிச் சுவரோடு வைக்கிற ஐஸ் பேக்குகளை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடனே வைக்கக் கூடாது. மேசையில் பரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவை வேர்க்க வேண்டும். வேர்த்த பிறகு ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அது மருந்துக்குப் பக்கத்தில் போகலாம். கல் மாதிரி உறைந்ததை வைத்தால் பக்கத்தில் இருக்கிற மருந்தும் உறைந்துபோகும். வேர்க்க முக்கால் மணி நேரம்கூட ஆகும். சரக்குக் கிடங்கின் பொறுப்பில் இருந்த மருந்தாளர், என்னைவிடப் பத்து வயது இளைய சீனப் பெண், அந்த முக்கால் மணி நேரமும் என்னைக் கவனித்துக்கொண்டே இருப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இந்த ஊர் வெயிலில் எல்லாம் உருகித்தான் போகும், உறைவதாவது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அது வெறும் அலட்சியம் இல்லை. தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு வெயில்தான் எதிரி. பால் புளித்தால் வெயில், மீன் கெட்டால் வெயில், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வெயில். குளிர் கெடுக்கும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. எவ்வளவு ஐஸ் இருக்கிறதோ அவ்வளவு பத்திரம் என்பதுதான் என் மனதில் ஊறியிருந்த கணக்கு.

அதற்கு மேல் ஒரு சம்பவமும் நடந்திருந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்து நான் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டேன். மீட்டர் ஒன்பதுக்கு ஏறிவிட்டது. திரும்பி வந்ததும் மருந்தாளர் அந்தப் பெட்டியிலிருந்த அத்தனையையும் மஞ்சள் பையில் போட்டுக் கட்டினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. இன்னொரு முறை எட்டைத் தாண்டினால் வேனை விட்டு இறங்க வேண்டியதுதான் என்று வாயாலும் சொன்னார்கள். அன்றிலிருந்து எட்டு என்ற எண்ணைப் பார்த்தாலே கண்ணைத் திருப்பிக்கொள்வேன். கடிகாரத்தில் பார்த்தாலும் அப்படித்தான்.

நான் சொல்ல வந்த நாளில் இரண்டு மாதமாக மழையே இல்லை. ஆயர் தாவார் கிளினிக்குக்குப் பத்து அட்டை இன்சுலின், ஒவ்வோர் அட்டையிலும் ஐந்து பேனா. எழுதுகிற பேனா மாதிரிதான் இருக்கும், உள்ளே மருந்துக் குழாய். சித்தியவானுக்கு அன்று மாத்திரையும் சிரப்பும் மட்டும். அவற்றுக்குக் குளிர் தேவையில்லை. ஆக என் கவலை ஒரே ஒரு குளிர்பெட்டி.

ஊருக்குள் நுழைய பெரிய ரோட்டை விட்டு நான் எப்போதும் ஒரு பழைய தோட்டத்துப் பாதையில் திரும்புவேன். முன்பு ரப்பர், இப்போது இரண்டு பக்கமும் செம்பனை. பாதி தூரத்தில் பறைச்சத்தம் கேட்டது. எதிரே சாவு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. தோட்டத்து இடுகாடு அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் சாவு எதிரே வந்தால் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அமர்த்திவிட்டு இறங்கி நிற்போம். எனக்கு முன்னால் செம்பனைக்குலை ஏற்றிய லாரிக்காரரும் அணைத்துவிட்டு இறங்கினார், அவர் சீனர். நானும் அணைத்தேன். எஞ்சின் நின்றால் ஏர்கோன் நிற்கும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து நிமிஷம்தானே என்று நினைத்தேன். ஆனால் ஊர்வலம் எங்களுக்கு நேரே வந்து முச்சந்தியில் நின்றது. பாடையை இறக்கினார்கள், தலைமாடு கால்மாடு மாற்றினார்கள், சுற்றி வந்தார்கள், ஒருவர் ஒப்பாரியை விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுத்தார். அந்த நேரத்தில் வேனுக்குள் ஏறி எஞ்சினை முடுக்கினால் எப்படி இருக்கும்? என்னால் முடியவில்லை. செத்தது யாரென்றுகூட எனக்குத் தெரியாது. வெயிலில் கைகட்டி நின்றேன், முதுகில் வியர்வை ஓடிற்று, வேனின் வெள்ளைத் தகரம் கண்ணைக் கூசவைத்தது.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். கதவைத் திறந்தபோது அடுப்படிச் சூடு முகத்தில் அடித்தது. மீட்டரில் 7.6. எஞ்சினை முடுக்கி ஏர்கோனை முழுதாகத் திருப்பினேன். 7.7. பெட்டிக்குள்ளே இருந்த ஐஸ் பேக்குகள் காலையிலிருந்து பாடுபட்டு ஓய்ந்துபோயிருக்க வேண்டும். 7.8. வேன் போய்விட்டது, வேலை போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், தங்கச்சியை நினைக்கவில்லை. இதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

ரோட்டோரத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணனின் சாப்பாட்டுக்கடை உண்டு. எனக்குப் பழக்கமான இடம். உள்ளே ஓடி, "அண்ணே, ஐஸ் இருக்கா, கெட்டி ஐஸ்," என்று கேட்டேன்.

"தண்ணிக்கா?"

"மருந்துக்குண்ணே. சூடாவுது."

அவர் கேள்வி கேட்கவில்லை. மீன் வைக்கிற பெரிய உறைபெட்டியைத் திறந்து, தண்ணீர் நிரப்பி உறையவைத்திருந்த பெரிய பாட்டில்களை எடுத்தார். மீன் கெடாமலிருக்க அவர் வைத்திருப்பவை. "நாலு எடுத்துக்கோலா. கல்லு மாதிரி இருக்கு, நீ திரும்பி ஈப்போ போற வரைக்கும் தாங்கும்," என்றார். கல்லு மாதிரி என்று அவர் சொன்னது எனக்குத் தேனாக இனித்தது.

வேர்க்க விடவில்லை. காதோரம் வைத்துக் குலுக்கவில்லை. அடியில் இரண்டு, அட்டைகளை ஒட்டிப் பக்கத்துக்கு ஒன்று என்று செருகி மூடினேன். மீட்டர் 7.9 காட்டியது, நின்றது, மெல்ல இறங்கத் தொடங்கியது. ஏழு. ஆறு. நான் கடை வாசலிலேயே உட்கார்ந்து பால் விடாத தேத்தண்ணீர், ஒரு தே-ஓ, குடித்தேன். சாமி காப்பாற்றிற்று என்று நினைத்தேன். ஒயரின் நுனி மூடியை ஒட்டிப் பெட்டியின் மேல்பகுதியில்தான் தொங்கும். அது அடியில் நடப்பதைச் சொல்லாது. அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை.

கிளினிக்குக்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். பாட்டில்களோடு பெட்டியை உள்ளே கொண்டுபோனால் மிஸ்ஸி, அங்கேயுள்ள நர்ஸ், கேள்வி கேட்பாள். மூடியைத் திறந்து பாட்டிலை இழுத்தேன். ஒரு அட்டையும் கூடவே வந்தது. பாட்டிலோடு ஒட்டியிருந்தது. பிய்த்தபோது பிசினைப் பிய்க்கிற மாதிரி ஒரு சத்தம். இன்னொரு அட்டையும் அப்படியே. அட்டையின்மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது.

ஒரு பேனாவை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டிய குழாயில் வெள்ளை நூல்கள் தெரிந்தன. உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டேன். நூல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கொஞ்ச நேரத்தில் குழாய் பழையபடி பளிங்காக ஆகிவிட்டது. அதுதான் என்னைக் கிடுகிடுக்க வைத்தது. கெட்டுப்போன பால் நாறும், கெட்ட மீன் நாறும். இது எதையும் காட்டவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சியில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சூடு பட்டால் மருந்து மெல்ல மெல்லப் பலம் குறையும். உறைந்தால் அத்தோடு சரி. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

எல்லாம் தெரிந்திருந்தும் நான் செய்தது இது. துண்டால் பனியைத் துடைத்தேன். அட்டைகளை அடுக்கினேன், எந்த அட்டை எங்கே இருந்தது என்பதே கலைந்துபோனது. பாட்டில்களைச் சீட்டுக்கு அடியில் ஒளித்தேன். பெட்டியை உள்ளே கொண்டுபோனேன்.

மிஸ்ஸி முப்பது வயதுப் பெண், டாக்டருக்குக் கையும் காலும் அவள்தான். மீட்டரின் பதிவைப் பார்த்தாள். அதிகம் 7.9, குறைவு 3.8. எல்லாம் கோட்டுக்குள்ளே.

"இந்த வெயில்ல எப்படிக்கா சமாளிச்சீங்க? சூப்பர்லா," என்று கையெழுத்துப் போட்டாள். "நேத்தே ஸ்டாக் முடிஞ்சிருச்சு. காலையிலேருந்து ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

சித்தியவான் வரை போன வழி எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது பயம் மட்டும்தான். அவள் நாலரைக்குப் பள்ளி முடிந்து கிளினிக்குக்குப் போவாள். வாங்குவாள். சாப்பிடுவதற்கு முன்னால் போட்டுக்கொள்வாள். தண்ணீரைப் போட்டுக்கொள்வாள். சித்தியவானில் சரக்கை இறக்கிவிட்டு ஒரு மருந்துக்கடைக்குள் போய் அதே இன்சுலின் ஓர் அட்டை வாங்கினேன். கடைக்காரர் வேர்த்த ஐஸோடு பையில் போட்டுக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு ஆயர் தாவாருக்குத் திரும்பினேன். எனக்குள் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது: இவளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும், யாருக்கும் ஒன்றும் தெரியாது, பதிவு சுத்தமாக இருக்கிறது.

நான் உள்ளே நுழைந்தபோது அவள் மேசையில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் புதுப் பேனாவில் ஊசியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அதப் போடாத," என்றேன். "இதப் போடு."

"ஏன்?"

"சொன்னாக் கேளேன்டி. இது புதுசு."

"இதுவும் புதுசுதான். நீதான கொண்டாந்த." என் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா ஆச்சு?"

எரிந்து விழலாம் என்று பார்த்தேன். எனக்குக் கைவந்த வழி அதுதான். ஆனால் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. சாவு ஊர்வலத்தில் தொடங்கி உள்ளங்கையில் கரைந்த வெள்ளை நூல் வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சரி. நான் போறப்ப முன்னால ரெண்டு பேரு வாங்கிட்டுப் போனாங்க. அவங்களுக்கும் புதுசு வாங்கியிருக்கியா?"

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

சொன்னவுடனே எனக்கே காது கூசியது. அவள் நான் வாங்கி வந்த பையை மேசையில் என் பக்கமாகத் தள்ளினாள். தன் பேனாவை எடுத்தாள். அளவைத் திருகினாள், டிக் டிக் என்று பத்துப் பன்னிரண்டு முறை சத்தம் கேட்டது. சட்டையைத் தூக்கி வயிற்றுச் சதையைப் பிடித்தாள்.

"என்னடி பண்ற?"

"அவங்க இதத்தான போடப் போறாங்க? நானும் இதையே போட்டுக்கறேன்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல். என் பயம் அந்த ஒரு விநாடியில் இடம் மாறிவிட்டது. அதுவரை வேனைப் பற்றி, கடிதத்தைப் பற்றி இருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்துக் கிளினிக்குக்கு அடித்தேன்.

மிஸ்ஸி முழுவதையும் கேட்டாள். "உடனே வாங்கக்கா," என்றாள். தங்கச்சி நல்ல மருந்தைப் போட்டு இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு என்கூட வந்தாள். நான் தப்பி ஓடிவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ.

அங்கிருந்தே மருந்தாளருக்கும் போன் செய்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மலாயில் மெதுவாக, ஒன்றையும் தொடாதே, மிச்சத்தை எல்லாம் தனியாக எடுத்து வைக்கச் சொல், காலையில் முதல் வண்டியில் வேறு மருந்து வரும் என்றார். கடைசியில், சொன்னதற்கு நன்றி என்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மிஸ்ஸியின் புத்தகப்படி வெளியே போனவை மூன்று அட்டை. ஒன்று தங்கச்சியுடையது. இரண்டாவதை வாங்கிய பாசார் மீன்காரம்மா பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டரில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். மூன்றாவது ஒரு பெரியவர். எழுபது தாண்டியவர், முன்னாள் தோட்டத் தொழிலாளி. இந்த டாக்டரின் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, மருத்துவ உதவியாளராக, இருந்தவர். அந்த உறவில் தோட்டத்து ஆட்களுக்கு டாக்டர் அடக்க விலையில் மருந்து கொடுப்பார். புத்தகத்தில் இருந்த போன் எண்ணுக்கு அடித்தோம். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று மலாயில் ஒரு பெண் குரல் சொன்னது.

விலாசத்துக்குப் போனோம். தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் என்று எழுதியிருந்தது. லயம் இல்லை, வரிசை வரிசையாகச் செம்பனை. ஒரு கோயிலும் ஏழெட்டு வீடும்தான் மிச்சம். ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது, நாற்காலிகள் கிடந்தன. மத்தியானம் நான் கைகட்டி நின்ற சாவு அந்த வீட்டுச் சாவு.

"அவரா? பக்கத்து வீட்டுலதான் இருந்தாரு," என்றார் அங்கே இருந்த அம்மா. "எழவுக்கு அவரு மக வந்திருந்தா, பீடோர்லேருந்து. இனிமே தனியா இருக்க வேணாம்னு கையோட கூட்டிட்டுப் போயிட்டா. போற வழியில மருந்து எடுத்துக்கறோம்னு சொன்னாங்க."

மகளுடைய விலாசமோ எண்ணோ அவர்களிடம் இல்லை. பீடோரில் ஏதோ பழத்தோட்டத்தில் வேலை என்றார்கள். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் பழத்தோட்டம்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து வாரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மிஸ்ஸி பீடோரிலுள்ள கிளினிக்குகளுக்கெல்லாம் சொல்லி வைத்தாள். பயனில்லை. நானும் தங்கச்சியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பீடோருக்குப் போய்க் காலைச் சந்தையில் தமிழ் முகங்களாகப் பார்த்து விசாரித்தோம். பெயர் சொன்னால் அதே பெயரில் மூன்று பேர் கிடைத்தார்கள், மூன்று பேரும் அவர் இல்லை. ஈப்போவில் தினமும் காலையில் தமிழ்ப் பத்திரிகை வாங்கி முதலில் மரண அறிவிப்புப் பக்கத்தைத் திருப்புவேன். அவர் முகம் எனக்குத் தெரியாது. அதனால் எழுபது தாண்டிய ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பீடோர் என்று இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடுவேன். இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு வாய் தேத்தண்ணீர் இறங்கும். மறுநாள் காலையில் மறுபடி அதே பயம், அதே பக்கம்.

வேனை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பவில்லை, கிடங்கில் உட்காரவைத்தார்கள். ஐஸ் பேக்குகளைப் பரப்பி, வேர்க்கும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகக் காதோரம் குலுக்கி ஓட்டுநர்களிடம் கொடுப்பது என் வேலை. முக்கால் மணி நேரம் காத்திருக்கத் தெரியாத ஒருத்திக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனையை யாரும் யோசித்திருக்க முடியாது. அவசரப்படுத்துகிற ஓட்டுநர்கள்மேல் நான் வள்ளென்று விழுவேன். அவர்கள் என்னை ஐஸ் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலையில் மிஸ்ஸி கூப்பிட்டாள். "அவரு மருந்து எடுக்க வந்திருக்காருக்கா. உசிரோடதான் இருக்காரு." பெயரைச் சொல்லவில்லை, தேவையும் இல்லை. நான் வரும்வரை உட்காரவைக்கச் சொல்லிவிட்டு என் பழைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

ஒடிசலான மனிதர். சட்டை தோளில் தொங்கியது. இடுப்பில் பெல்ட்டுக்குப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். ஒரு காலில் கட்டு. மடியில் ஒரு துணிப்பை. நான் பெயர் சொல்வதற்குள் அவரே, "நீதான அன்னிக்கு வெள்ள வேன நிப்பாட்டிட்டு எறங்கி நின்ன பொண்ணு?" என்றார். "பாத்தேன். இந்தக் காலத்துல யாரு எறங்குறா."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், மிஸ்ஸியிடம் பாதி சொல்லி முடித்திருந்தார் போல. பீடோருக்குப் போன மூன்றாம் நாள் பேத்திக்குப் பிறந்தநாள். ஒரு துண்டு கேக் சாப்பிட்டார். மறுநாள் சோதித்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. மகள் கத்தினாள். சீனி டப்பாவையும் பால் டின்னையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவர் தேத்தண்ணீரை விட்டார். பிறகு சோற்றையும் விட்டார். ஊசியை மட்டும் ஒரு வேளை தவறாமல் போட்டார். ஆனாலும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் நாலு நாள். அங்கே இறங்கிற்று. வீட்டுக்கு வந்து பழையபடி பையிலிருந்த பேனாவைப் போட்டார், மறுபடியும் ஏறிற்று. ஒளித்து ஒளித்துத் தின்கிறார் என்று மகள் அழுதாள். டாக்டரும் வாயைக் கட்டச் சொல்லித் திட்டினார்.

"ஒரு துண்டும்மா," என்று இரண்டு விரலால் காட்டினார். "ஒரே ஒரு துண்டு. அது இப்படி ஆளையே சாய்ச்சிருச்சு."

துணிப்பையிலிருந்து மிச்சமிருந்த பேனாவை எடுத்தார். ஈரத்துணியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் போட்டிருந்தார். "மக வீட்டு ஐஸ்பெட்டியில நடுத் தட்டுலதான் வச்சிருந்தேன். மிஸ்ஸி சொன்ன மாதிரியே. கெட விடல."

நான் சொன்னேன். ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. நாலு பாட்டில் ஐஸ், மருந்து உறைந்தது, எனக்குத் தெரியும், தெரிந்தும் கொடுத்தேன், பிறகு தேடினேன், கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வந்தது. அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து அறைவார் என்று நினைத்தேன். அறையட்டும் என்றும் நினைத்தேன்.

"அப்ப அந்தக் கேக் இல்லியாம்மா?" என்றார்.

"இல்லய்யா. கேக் இல்ல. நான்தான்."

அவர் சட்டைப் பையில் துழாவி நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அதில் பெரிய பெரிய இலக்கங்களில் ஒரு போன் எண் எழுதியிருந்தது.

"என் மகளுக்குப் போட்டுச் சொல்லு," என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டா."

எண்களை அழுத்தினேன். மணி அடித்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு என் பக்கமாகச் சாய்ந்தார். மறுமுனையில் ஒரு பெண், பரபரத்த குரலில், "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.